குரலுக்குக் கனம் ஏற்றியவள்

இந்தத் தொழிலில் சவுண்டக்காவுக்கு முதல் நாளே பிடிக்காமல் போனது மைக்கின் நாற்றம். பலர் பேசி முடித்த மைக்கின் வலைத்தொப்பியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். எச்சில், சிகரெட், சொத்தைப் பல், மத்தியானம் தின்ற வெங்காயம் எல்லாம் உள்ளே இருக்கும் பஞ்சில் ஊறிக் கிடக்கும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அவள் தொப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்ப்பாள்.

"பேசினவன் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டான். நாத்தம் மட்டும் எனக்கு" என்பாள்.

சவுண்டக்கா என்று பேர் இருந்தாலும் அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வாடகைக்கு ஒலிபெருக்கி கொடுக்கும் தொழிலைத் தொடங்கியது அவள் புருஷன். பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவனுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. அதனால் அவன் வேன் ஓட்டுவான், பெட்டி சுமப்பான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் முன்னால் இவள் உட்காருவாள்.

ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே சேர்ந்த மிக்ஸர் அது. வலது பக்கம் ஈக்வலைசரின் ஸ்லைடர்கள் வரிசையாக இருக்கும். ஒன்று குரலின் அடிக்கனத்தைக் கூட்டிக் குறைக்கும், ஒன்று மூக்கொலியை, ஒன்று 'ஸ்'ஸென்று சீறுவதை. அந்த வரிசை முழுவதையும் ஒரே தட்டில் விலக்கிவிட ஒரு பொத்தானும் உண்டு. அதற்குக் கீழே லிமிட்டர். பேசுகிறவர் திடீரென்று கத்தினால் சத்தத்தைப் பிடித்து அமுக்கி, ஸ்பீக்கர் கிழியாமல் காப்பாற்றும். அப்படி அமுக்கும்போது சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும்.

ஊர் ஊராகக் கூட்டம் போடும் ஒரு பேச்சாளர் முதன்முதலில் இவள் ஊர் மண்டபத்துக்கு வந்தபோது, "வணக்கம்" என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்குப் பல் கூசியது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு தேய்கிற குரல். போதாததற்கு மூக்கால் பேசினார். அவள் மூக்கொலியை இறக்கினாள், அடிக்கனத்தை ஏற்றினாள், சீறலை நறுக்கினாள், லிமிட்டரை இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் ஆழக் கிணற்றிலிருந்து வருவது போல ஒரு குரல் மண்டபத்தை நிறைத்தது. பேச்சாளரே ஒரு கணம் நின்று தன் குரலைக் கேட்டார். முகம் மலர்ந்துபோனது. அன்றிலிருந்து எந்த ஊர்க் கூட்டமானாலும் இவள்தான் வேண்டும் என்றார்.

உடம்பைப் பற்றித்தான் பேசுவார். உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், நோய் என்பதே பயம்தான், பயத்தை விழுங்குகிறவன்தான் மாத்திரையை விழுங்குகிறான் என்பார். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அவள் கேட்டது குரலை. எங்கே ஸ்பீக்கர் ஊளையிடப் போகிறது, எங்கே குரல் கரகரக்கிறது என்றே அவள் கவனம் போகும்.

அந்தக் கூட்டங்களுக்கு மாமியாரும் வரத் தொடங்கினாள். வேனில் இடம் இருந்தது, வீட்டில் தனியாக இருக்க அலுப்பு. பல வருஷமாகச் சர்க்கரை நோய்க்காரி. முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பாள்.

ஒரு நாள் வீட்டில் நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து சவுண்டக்கா பீரோவை நகர்த்தினாள், தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். எங்கும் எலி இல்லை. மாமியார் கட்டிலில் காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது. போர்வையை விலக்கி, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். துணியோடு தோலும் வந்தது. சின்ன விரல் கறுத்து, சுற்றிலும் மஞ்சளாய்க் கசிந்துகொண்டிருந்தது.  அவள் முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அத்தை, மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"விட்டு ரொம்ப நாளாச்சு."

"யார் விடச் சொன்னது?"

"நீயும்தான அங்க உக்காந்திருந்த? அந்தக் குரலைக் கேட்டியாடி? பொய் சொல்ற வாய்க்கு அப்படி ஒரு குரல் வருமா?"

எச்சில் ஊறிய பஞ்சை யாரோ தன் வாயிலேயே திணித்தது போல இருந்தது சவுண்டக்காவுக்கு.

ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவள் போனது பேச்சாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்காகத்தான். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். மைக் இல்லாமல் "வாம்மா" என்றது ரப்பர் செருப்பாகவே கேட்டது.

"ஐயா, உங்க பேச்சைக் கேட்டு என் மாமியார் மாத்திரையை விட்டுட்டாங்க. ஒரு விரல் போயிருச்சு. டாக்டரைக் கேக்காம யாரும் நிறுத்தாதீங்கன்னு இன்னைக்கு மேடையில ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் விரல்களை ஒவ்வொன்றாய் நக்கினார். "மாத்திரையை நிறுத்துன்னு நான் எப்பம்மா சொன்னேன்? பயத்தை நிறுத்துன்னு தான சொன்னேன்?"

"அவங்களுக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"கேக்கிறது அவங்கவங்க பக்குவம்மா." கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த ஆள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அப்புறம் ஒண்ணு, இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. அந்தக் கனம் இருக்கே, அதைக் கொஞ்சம் கூட ஏத்தி வைங்க."

 அவள் மிக்ஸரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் பேச்சு சூடுபிடித்து, மண்டபம் மூச்சடக்கிக் கேட்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு ஊளை கிளம்பாதபடி சத்தத்தை ஒரு நூல் குறைத்துக்கொண்டு, ஈக்வலைசரை விலக்கும் பொத்தானைத் தட்டினாள். லிமிட்டரில் கை வைக்கவில்லை. ஸ்பீக்கர்கள் அவள் சோறு.

கிணறு மறைந்தது, செருப்பு தேய்ந்தது. சிலர் தலையைத் திருப்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பேச்சாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, விடாமல் பேசினார். இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பாவம், நமக்காகப் பேசிப் பேசி ஐயாவுக்குத் தொண்டையே போயிருச்சு."

அந்த அழுகை வரிசை வரிசையாகப் பரவியது. கைதட்டல் என்றைக்கும் இல்லாத அளவுக்கு எழுந்து, திறந்திருந்த மேடை மைக்குகளில் புகுந்து, லிமிட்டரின் சிவப்பு விளக்கை மினுக்க வைத்தது. சவுண்டக்காவுக்கு அந்த ஆளைவிட அந்தக் கைகளைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. தன் கைகளைப் பார்க்கவும்தான்.

மாமியார் அப்போதும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்ஸ் நின்று விழுங்க வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை தலையணைக்கு அடியில் போனது. "விரல் போனது என் பயத்தால" என்றாள். மறுநாள் காலை சவுண்டக்கா மிக்ஸரையும் ஒரு ஸ்பீக்கரையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். மாமியாரின் கையில் மைக்கைக் கொடுத்தாள்.

"என்னடி இது கூத்து?"

"எதையாவது பேசுங்க அத்தை."

மாமியார் யோசிக்கவே இல்லை. "இந்த வீட்டு மருமக ஒரு நாளாவது சுடச்சுடச் சாப்பாடு போட்டிருக்காளா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கீச்சுக் குரல் மாமியாரின் வாயிலிருந்து கிணறு பேசியது. உலகத்து உண்மை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பது போலக் கேட்டது. சவுண்டக்கா பொத்தானைத் தட்டினாள். "இப்பப் பேசுங்க." கீச்சு திரும்பி வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி கிணறு.

மாமியார் மைக்கைக் கட்டிலில் போட்டாள். "சீ! அப்ப அந்த ஆளு குரல்?"

"பேச்சு அவரோடது. கனம் நான் போட்டது."

"இத்தனை நாளா நீயா எனக்குச் சொல்லிட்டிருந்த?"

சவுண்டக்கா மைக்கை எடுத்து வலைத்தொப்பியைக் கழற்றினாள். மாமியார் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "அந்த மாத்திரை டப்பாவை எடு" என்றாள். மருமகள் நீட்டிய தண்ணீரை வாங்காமல் வெறும் வாயிலேயே விழுங்கினாள்.

பேச்சாளரின் பையைத் தூக்கித் திரியும் ஆள் போன் செய்தான். இனி வர மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றாள்.

"பரவால்லக்கா. எந்த ஸ்லைடர் எங்க நிக்கணும்னு உங்க மிஷினைப் போன மாசமே போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ஐயாதான் எடுக்கச் சொன்னாரு."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் காறித் துப்பினாள். மண்டபச் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான பேசுறாரு?" என்றார் அவர். அதன்பிறகு மொத்தக் காய்கறிச் சந்தையில் விலை அறிவிக்கும் வேலையை அவளும் புருஷனும் பிடித்துக்கொண்டார்கள்.

காலுக்குக் கட்டு மாற்ற மாமியாரை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஒரு முறை பெஞ்சில் பக்கத்தில் இன்னொரு காலும் கட்டோடு நீண்டிருந்தது. அந்தக் காலுக்குரியவள் பேச்சாளரின் கூட்டத்தைப் பற்றி உருகி உருகிச் சொன்னாள். "அந்தக் குரலைக் கேட்டாலே பாதி நோவு போயிரும்."

"அது குரல் இல்லம்மா, பொத்தான்" என்றாள் மாமியார். மருமகளைக் கையால் காட்டினாள். "இந்தா உக்காந்திருக்காளே, இவ தட்டினது."

அந்தப் பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி, நொண்டி நொண்டி எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.