சிவப்பு மூடி

பாலக்காட்டுப் பெருமாட்டியில் செங்கோட்டையனின் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துப் பைப் இழுக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் தரம் பிரித்தவள் பூவாத்தாள். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டைக் கையில் கொடுத்தாலும் அது எந்த இனம் என்று சொல்லிவிடுவாள். கசக்கினால் சரசரவென்று கத்துவது ஒன்று, சத்தமே போடாமல் குழைவது இன்னொன்று. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பால் கவரும் எண்ணெய்க் கேனும் மூடிகளும் மிதக்கும். தண்ணீர் பாட்டிலும் வீட்டுக் குழாய்த் துண்டும் முங்கிப் போகும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு நுனியைக் கொளுத்திப் பார்ப்பாள். கேன் என்றால் மெழுகுவர்த்தி அணைத்த வாசம் வரும், குழாய் என்றால் மூக்கை எரிக்கும், டிவி பெட்டிக்குள் வைக்கிற வெள்ளைத் தெர்மகோல் என்றால் கரும்புகை கக்கும். குக்கர் கைப்பிடியும் பழைய சுவிட்சும் மட்டும் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாமல் கருகும். அந்தப் பிடிவாதக்காரச் சாமான்களை அவள் முதலிலேயே பொறுக்கித் தூர வீசிவிடுவாள்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குப் பாராட்டாகச் சொன்னதில்லை. குப்பை பொறுக்குகிறவள் என்றுதான் ஊருக்குள் பேச்சு.

அவளை மனுஷியாக மதித்துப் பாடம் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பஞ்சாயத்தில் பயிற்சி கொடுக்க வந்த பவ்யா. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற வாயுவில் கண்ணுக்குத் தெரியாத குட்டித் துகள்கள் இருக்கின்றன, அவற்றைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று ஆயிரக்கணக்கில் கோத்தால் பிளாஸ்டிக், பூவைக் கோத்தால் மாலை ஆகிறமாதிரி என்றாள். எந்தத் துகளைக் கோக்கிறோம், எப்படிக் கோக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே சரக்கு பையாகவும் ஆகும், கேனாகவும் ஆகும். சரங்கள் தனித்தனியாக இருந்தால் திரும்பத் திரும்ப உருக்கலாம், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டால் உருக்க முடியாது. குக்கர் கைப்பிடியின் பிடிவாதத்துக்கு அன்றைக்குத்தான் பூவாத்தாளுக்குக் காரணம் கிடைத்தது.

வகுப்பு முடியும்போது அவள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். உருக்கினால் கேனில் ஊறியிருக்கிற விஷமும் போய்விடுமா என்று. போகாது என்றாள் பவ்யா. கழுவினாலும் உருக்கினாலும் உள்ளே கொஞ்சம் தங்கும், அதனால் மருந்துக் கேனில் செய்த எதிலும் குடிக்கிற தண்ணீர் ஓடக் கூடாது. பூவாத்தாள் அதைப் பத்திரமாக மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மருந்துக் கேன்கள் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களிலிருந்து வாரம் ஒரு லாரி வரும். ஏலச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருந்த கேன்கள், எல்லாவற்றுக்கும் சிவப்பு மூடி. கேன் ஓர் இனம், மூடி வேறு இனம். மூடிக்குச் சூடு அதிகம் வேண்டும். இரண்டையும் சேர்த்து அரைத்துச் சூடாக்கினால் கேன் உருகும், மூடி அரைகுறையாக நிற்கும். அதனால் பூவாத்தாள் ஒவ்வொரு மூடியையும் திருகி எடுத்துத் தனிச் சாக்கில் போடுவாள். அந்தக் கேன் சரக்கு சாக்கடைப் பைப்புக்கும் கரண்ட் ஒயர் போகிற குழாய்க்கும்தான் போகிறது என்று செங்கோட்டையன் சொல்லியிருந்தார். அவளும் நம்பினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கோட்டையன் மூடி கழற்றுகிற வேலையை நிறுத்தினார். நேரம் வீணாகிறதாம். கறுப்புப் பொடி போட்டால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், எவன் வந்து பார்க்கப்போகிறான் என்றார். பூவாத்தாள் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள். மறுநாள் வாயை மூடிக்கொண்டு மூடியோடு கேனை மெஷினில் தள்ளினாள். சாக்கடைப் பைப் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். இப்போது நினைத்தாலும் அந்தச் சமாதானத்தை அறையலாம்போல அவளுக்குக் கை துடிக்கிறது.

மருந்துக் கேன் லாரியில் சரக்கு ஏற்றி இறக்க வந்தவன்தான் பாண்டீஸ்வரன். வந்த இடத்தில் பூவாத்தாளின் ஒரே மகள் சிவசங்கரியைப் பார்த்தான், பேசினான், கட்டிக்கொண்டு மலைக்கே கூட்டிப்போய்விட்டான். கல்யாணத்துக்கு அப்புறம் லாரியை விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருஷம் சிவசங்கரிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவரப் பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் பூவாத்தாள் மலையேறினாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் முப்பத்திரண்டு வீடு. முன்பெல்லாம் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமப்பார்கள். போன சித்திரையில் மேட்டு ஊற்றிலிருந்து தோட்டத்தார் கறுப்பு ஓஸ் இழுத்து, வாசலுக்கே தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம் என்று சிவசங்கரி பெருமையாகச் சொன்னாள்.

காலையில் எழுந்ததும் மகள் முதல் குடத்தைப் பிடித்து அப்படியே தரையில் கொட்டுவதைப் பூவாத்தாள் பார்த்தாள். பக்கத்து வீட்டிலும் அப்படியே கொட்டினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ராத்திரியெல்லாம் ஓசில் நிற்கிற தண்ணீர் கொஞ்சம் வாசம் அடிக்கும், புது ஓஸ் வாசம், நாள்பட்டால் போய்விடும், அதனால் முதல் குடம் எங்கள் லயத்தில் யாரும் குடிப்பதில்லை என்றாள் சிவசங்கரி.

பூவாத்தாள் ஈரத் தரையில் குந்தி மோந்து பார்த்தாள். பதினோரு வருஷம் தினமும் கையிலும் முந்தானையிலும் ஒட்டிக்கொண்டு வந்த வாசம். அரிவாளை எடுத்து ஓசின் கடைசி முனையில் நாலு விரல் அகலம் நறுக்கினாள். வெட்டுவாயில், கறுப்புக்கு நடுவே, கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள்.

அவள் திருகி எடுக்காமல் விட்ட மூடிகள்.

"அம்மா, என்னம்மா ஆச்சு?" என்று சிவசங்கரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இந்தத் தண்ணிய எத்தனை மாசமாக் குடிக்கறே கண்ணு?"

"ஓஸ் வந்த நாள்ல இருந்துதான். ஏம்மா?"

சித்திரையில் ஓஸ் வந்திருக்கிறது, வைகாசியில் மகள் முழுகாமல் இருக்கிறாள். விரலை மடக்கி எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

பாண்டீஸ்வரன் முதலில் தயங்கினான். "வாசலுக்குத் தண்ணி வருதேன்னு இருந்துட்டோம் அத்தே. இப்ப வேண்டாம்னு எப்படிப் போய்ச் சொல்ல?" என்றான். பூவாத்தாள் அவனைத் திட்டவில்லை. லயத்துப் பெண்களை வாசலில் கூட்டி, நறுக்கின துண்டை ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்து, புள்ளியைக் காட்டி, கேன் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது என்று சொன்னாள். மூடியைக் கழற்றாமல் மெஷினில் தள்ளியது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே காறித் துப்பினாள். துப்பட்டும் என்று நின்றாள்.

மறுநாள் அந்தப் பெண்கள் ஒருவரும் ஏலக்காய் எடுக்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வேறு பைப் போட்டுத் தருவதாகத் தோட்டத்தார் ஒத்துக்கொண்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு பூவாத்தாள் மலையிறங்கினாள். வழியில் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, பிறந்தபின் பார்ப்போம் என்றார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாதாம். அந்த ஒரு வாக்கியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு அவள் செங்கோட்டையன் முன்னால் போய் நின்றாள்.

ஓஸ் துண்டை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மூடியோட மெஷின்ல தள்ளுன கை உன்ற கைதானே பூவாத்தா? எங்கிட்ட வந்து ஞாயம் பேசறே."

"என்ற கைதானுங்க. அதனாலதான் தூக்கம் வரமாட்டேங்குது. உங்களுக்கு வருதுங்களா?"

ஓஸ் என்று விற்கிறோம், வாங்குகிறவன் வயலுக்குப் போடுகிறானா வாய்க்குப் போடுகிறானா என்று நான் பின்னாலேயே போய்ப் பார்க்க முடியுமா என்றார் அவர். வார்த்தை நன்றாகத்தான் இருந்தது, யாரோ வக்கீலிடம் கேட்டு வைத்திருந்ததுபோல.

"சரிங்க. நீங்க புது ஊடு கட்டறீங்களே, அதுக்கு நம்ம கம்பெனி ஓசு ஏனுங்க போடல? வெள்ளைப் பைப்பு கோயமுத்தூர்ல இருந்து வந்து எறங்குச்சே, நானுந்தான பார்த்தேன்."

செங்கோட்டையன் முகம் கறுத்தது. பிடித்தால் வேலை செய், இல்லாவிட்டால் வாசல் திறந்துதான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பூவாத்தாள் போகவில்லை. மருந்துக் கேனை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மற்றக் குவியல்களைப் பிரித்தாள். பிரசவச் செலவு கண்முன்னே நிற்கும்போது ரோஷத்தைக் காட்ட வசதி வேண்டும்.

பத்து நாள் கழித்து ஏலமலை லாரி வந்தது. தார்ப்பாயை விலக்கினால், கேன்களுக்குமேலே சுருள் சுருளாகக் கறுப்பு ஓஸ். வெட்டுவாயில் சிவப்புப் புள்ளி. லயத்திலிருந்து கழற்றியதைத் தோட்டத்தார் எடைக்குப் போட்டிருக்கிறார்கள், அது சுற்றிச் சுற்றி இங்கேயே வந்துவிட்டது. செங்கோட்டையன் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சரக்குதான், அரைத்துக் கறுப்புப் பொடி போட்டு மறுபடியும் ஓசாக இழுத்துவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் புது வீட்டில் பால் காய்ச்சு.

பூவாத்தாள் அந்தச் சுருள்களை இறக்கித் தனியாக ஒதுக்கினாள். புதிதாகச் சேர்ந்திருந்த சோனா, இது எந்தக் குவியலில் சேரும் அக்கா என்று கேட்டாள்.

"இதுக்குன்னு ஒரு எடம் இருக்குது. காலைல சொல்றேன்," என்றாள் பூவாத்தாள்.

மறுநாள் காலை புது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தலில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் கையிலும் தண்ணீர்த் தம்ளர். கம்பெனியின் சரக்கு ஆட்டோவை டிரைவர் மணிகண்டன் ஓட்டிவர, பூவாத்தாளும் சோனாவும் இன்னும் நாலு பெண்களும் இறங்கி, கறுப்புச் சுருள்களை ஒவ்வொன்றாகக் கோலத்துக்கு மேலேயே அடுக்கினார்கள். செங்கோட்டையனின் மாமனார் எழுந்து வந்து, இது என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க மாப்பிள்ளை கம்பெனி ஓசுங்க. பூச்சிமருந்துக் கேனை உருக்கிச் செஞ்சது. மலையில முப்பத்திரண்டு ஊடு இதுல ஏழு மாசம் தண்ணி குடிச்சுதுங்க, என்ற மகளும் வயித்துப் புள்ளையோட குடிச்சா. நல்ல சரக்குன்னு நேத்துத்தான் முதலாளி சொன்னாருங்க. அதான் அவரு ஊட்டுக்கே கொண்டாந்தோம்."

முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்தவரும் வைத்தார். அதற்கடுத்தவர் வாயிலிருந்த தண்ணீரை வாழைமரத்தடியில் துப்பினார். ஒரு தாய் குழந்தையின் கையிலிருந்து தம்ளரைப் பிடுங்கினாள்.

செங்கோட்டையன் வேட்டி தடுக்க உள்ளேயிருந்து ஓடிவந்தார். விருந்தாளிகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, தொண்டை கிழியச் சொன்னார்: "குடிங்க, தைரியமாக் குடிங்க! நம்ம ஊட்டுல ஓடறது நல்ல பைப்புங்க. இந்த விசத்தையெல்லாம் நம்ம ஊட்டுக்குப் போடுவனுங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பூவாத்தாளுக்கு வேண்டியதை அவர் வாயாலேயே நூறு பேர் கேட்டாயிற்று. முந்தானையை உதறிக்கொண்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க வீட்டைப் பார்த்து நடந்தாள்.