மஞ்சள் காவி

"கண்ணு இவ்வளவு மஞ்சளாகிற வரைக்கும் வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று டாக்டர் கண்டக்டரைக் கேட்டார். கவனிக்காமலா? ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி முகத்தை அவர் அளவுக்கு உற்றுப் பார்த்திருக்க மாட்டான். ஐயோ, அதுதானே வயிற்றெரிச்சல்! ஈரல் கெட்டு உள்ளே கட்டிலில் கிடந்தாள் அவள். பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற மனுஷருக்கு ஓவியப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ! லீவு வந்தால் போதும், முக்காலியும் எண்ணெய் வண்ணமுமாக மியூசியத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பழைய காலத்து ஓவிய மேதை ஒருவர் வரைந்த சீமாட்டியின் முகம் இருந்தது. வாத்தியார் கிடையாது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தே வித்தையைப் பிடித்தார். கன்னத்துக்கு மஞ்சள் காவி, நெற்றிக்கு மஞ்சள் காவி, கண்ணின் வெள்ளைக்குக்கூட ஒரு துளி மஞ்சள் காவி. உயிருள்ள தோல் என்றால் அந்த நிறம்தான் என்று அவர் கண்ணுக்குப் பழகிப்போனது.

பிறகு மனைவியை உட்காரவைத்து வரைய ஆரம்பித்தார். "மியூசியத்துல இருக்கிற மூத்த சம்சாரத்தை விட்டுட்டு இப்பதான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்," என்று சிரித்தாள். முதலில் அவள் நிறம் பிடிபடவே இல்லை. நாளாக ஆக, கலவை அப்படியே பொருந்தியது.

"ஏங்க, ரொம்ப அசதியா இருக்கு. எந்திரிக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு. இப்பதான் உன் நிறமே கைக்கு வருது."

இன்று காலை மியூசியத்தில் அந்தச் சீமாட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சால் துடைத்த பாதிக் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. "மஞ்சள் ஓவியர் வச்சதில்லைங்க. மேல பூசின வார்னிஷ் பழசாகி இப்படிப் போச்சு," என்றாள் துடைத்த பெண். அப்படியென்றால் வீட்டில் இருக்கிறவள்? கண்டக்டர் சாமான்களைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினார். அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

இப்போது கட்டிலருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னங்க, என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் அவள்.

அவரால் முடியவில்லை. நர்ஸ் அருகில் வந்து, "சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லிடுங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.