எஸ்னாத் சிஸ்டர் பெம்பா கற்ற விதம்

சம்பேஷி ஆற்றங்கரையில் இருந்த எங்கள் சுகாதார நிலையத்துக்கு எஸ்னாத் ஜெரே நர்ஸாக வந்தது 1984-இல். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. கிழக்கே சிபாட்டாப் பக்கத்து ங்கோனி இனப் பெண். நியான்ஜா பேசுவார், ஆங்கிலம் எழுதுவார். எங்கள் மொழியான பெம்பாவில் தண்ணீர் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். நான் அங்கே சீட்டு எழுதுகிறவன், பெயர் கபெம்ப்வா. நோயாளி சொல்வதை அவருக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு பெண் வந்து, முன்டா வலிக்கிறது என்றாள். எங்களுக்கு அது வயிறு. நியான்ஜாவில் அது வயல்.

"வயல்ல என்ன வேலை பார்த்தாங்களாம்?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்.

நான் சிரித்த சிரிப்பில் மை கொட்டிவிட்டது. அன்றைக்கே அவர் ஊசிமருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் முதல் வார்த்தையை எழுதினார். அப்புறம் தினமும் எழுதினார். இடுப்பு, இருமல், பழைய சோறு, குளிர்காய்ச்சல். வரிசையில் நிற்பவர்களிடமே கேட்பார். அவர்களும் ஊசிக்குப் பயந்து நிற்கிற நேரத்தில் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். ஓரிருவர் வேண்டுமென்றே கெட்ட வார்த்தையையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் அட்டையில் பார்த்து அடித்துவிடுவேன்.

எங்கள் ஆட்களும் ங்கோனிகளும் கேலி முறைக்காரர்கள். சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனவே சிஸ்டர் வாயைத் திறந்தால் போதும், எங்களுக்குத் திருவிழா. ஒருநாள் ஒரு தாய் தன் மகள் கையைக் காட்டி, கோல்வே கடித்துவிட்டது என்றாள். கோல்வே என்றால் குரங்கு. சிஸ்டர் காதில் அது கோஸ்வே என்று விழுந்தது, அதாவது எலி. காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, அக்கறையாகச் சொன்னார்: "வீட்டுல ஒரு பூனை வளர்த்துக்கங்கம்மா."

வரிசையில் இருந்த ஒரு கிழவர் தடியை ஊன்றி முன்னால் வந்தார். "ஏம்மா, உங்க ஊர்ல குரங்கு பிடிக்கப் பூனைதான் போகுமா?"

"எலி திங்கிற ங்கோனிச் சாதிக்கு எதைப் பார்த்தாலும் எலிதான்" என்றேன் நான்.

சிஸ்டருக்கு விஷயம் புரிந்ததும் வெட்கமாகிவிட்டது. ஆனால் விடவில்லை. "குரங்கைக் குழம்பு வைக்கிறவங்க நீங்க. உங்க பக்கத்துல வந்தா அது கடிக்காம என்ன செய்யும்?"

அப்படியே எட்டு மாதம் போனது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மருந்து வாங்க நான் கசாமா போயிருந்தேன். மதியத்துக்கு மேல் லாரியில் வந்து இறங்கினால், ஆற்றுத்துறையில் முபாங்கா சைக்கிளோடு படகுக்குக் காத்து நிற்கிறான். அக்கரைக்காரன், சாதுவான பையன். மனைவி கசொண்டேவுக்கு அது தலைப்பிரசவம்.

"என்னடா இங்க நிக்கிற? கசொண்டே எப்படி இருக்கா?"

"வலி வந்துடுச்சுண்ணே. நேத்துலேர்ந்து இடுப்பு வலியில துடிக்கிறா. சிஸ்டர்கிட்ட சொன்னேன். நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க."

"நேத்துலேர்ந்தா?"

"ஆமா. சிஸ்டரே சொல்றப்போ நான் என்ன பேசுறது?"

என்ன நடந்திருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. எங்கள் மொழியில் நேற்றைக்கும் மைலோதான், நாளைக்கும் மைலோதான். எது என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். தினமும் எல்லோரையும் "மைலோ வாங்க" என்று அனுப்பிப் பழகிய சிஸ்டருக்கு அது நாளை மட்டும்தான். இவன் சொன்னதில் இடுப்பையும் மைலோவையும் பிடித்துக்கொண்டார், நடுவில் இருந்த வினை நழுவிவிட்டது; நாளைக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்கிறான் என நினைத்துச் சரி என்றிருக்கிறார்.

மருந்துப் பெட்டியை அங்கேயே ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, முபாங்காவை நிற்கச் சொல்லி, நிலையத்துக்கு ஓடினேன். சொன்னேன். சிஸ்டர் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை அப்படியே போட்டார். பையை எடுத்தார், கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்தார். படகில் போகும்போது முபாங்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னோடது, தப்பு என்னோடது" என்று பெம்பாவில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

அக்கரையிலிருந்து முபாங்காவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். நான் நடந்துபோய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். பொழுது சாய்வதற்குச் சற்று முன் குழந்தை பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றி, நீலம் பாரித்து, அழாமல் கிடந்தது. சிஸ்டர் அதன் வாயில் வாய் வைத்து ஊதினார். எத்தனை நேரம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. கசொண்டேவுக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. மறுநாள் அவளை லாரியில் கசாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரம் கழித்துப் பிழைத்து வந்தாள்.

திரும்பி வந்ததும் சிஸ்டர் நடந்ததை ஒரு வரி மறைக்காமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அனுப்ப வேண்டாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "அடுத்து வர்றவளுக்கும் இதே வார்த்தைதானே காத்துட்டிருக்கும்?" என்றார். கண்டித்து ஒரு கடிதம் வந்தது, அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. மாற்றல் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரைக்குப் போய், கசொண்டேவோடு உட்கார்ந்து மரவள்ளி உரிப்பார். பெண்கள் பேசப் பேசக் கேட்பார். "வார்த்தை போதும். இப்போ வாக்கியம் வேணும்" என்பார்.

இருபத்தொன்பது வருடம் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். புதிதாக வந்த ஒவ்வொரு நர்ஸையும் முதல் மாதம் என் மேஜைப் பக்கத்தில் உட்காரவைத்தார், தனியாக நோயாளி பார்க்க விடவில்லை. இப்போது நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு கட்டிக் கோழி வளர்க்கிறார். போன மாதம் ரத்த அழுத்த மாத்திரையை நான் நிறுத்திவிட்டேன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சந்தையில் என்னைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, பெம்பாவில் பொரிந்து தள்ளினார். அதில் இரண்டு வார்த்தை எனக்கே புரியவில்லை. பக்கத்தில் மீன் விற்றவளிடம் கேட்டேன்.

"அது எங்க அக்கரைப் பேச்சு. உங்களுக்கு எங்கே தெரியப்போகுது?" என்றாள் அவள். மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன்.