வண்டியக்காவின் ஞாயிற்றுக்கிழமை

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே ஜெபிக்கிறாள் வண்டியக்கா. "ஆண்டவரே, இந்தப் பயணத்த ஆசீர்வதியும்... டேய், சிக்னல் போடாமத் திரும்புறியே, கண்ணு பிடரியிலயா இருக்கு?... ஆமென்." பின்சீட்டில் யாரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

வாரநாட்களில் நகரப் பேருந்து, ஞாயிறு காலையில் சபை வேன். பைபிளோடு வருபவர்களையும் அதட்டித்தான் ஏற்றுவாள்.

வெளிநாட்டுக்கு வந்த புதிதில், பாஷை தெரியாமல் முழித்தவளுக்குப் பொறுமையாகப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் ஒரு பயிற்சியாளர். அவளுக்கு இருப்பது புருஷன் அல்ல, மனைவி என்று தெரிந்த அன்று, அவள் நீட்டிய காபியை அக்கா தொடவில்லை. பிறகு அக்காவின் கணவர் மாரடைப்பில் விழுந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது அந்தப் பயிற்சியாளரும் அவள் மனைவியும்தான். சபையார் போனில் ஜெபித்தார்கள். "அவங்களப் பாவின்னு சொல்ல எனக்கு நாக்கு வராதுப்பா" என்பாள்.

சபையோ இங்கே வந்த பிறகுதான் இறுகிப்போனது. ஊரில் கண்டும் காணாமல் இருந்தவர்கள்கூட, பிள்ளைகள் கையைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் காவல்காரர்களாகிவிட்டார்கள்.

சபையில் கீபோர்டு வாசிக்கும் நர்ஸ் தம்பி, தன்னோடு குடியிருப்பவர் வெறும் அறைத்தோழர் அல்ல, தன் துணை என்று போன வாரம் போதகரிடம் சொல்லிவிட்டார். மறுநாளே கீபோர்டு வேறு கைக்குப் போனது. இன்று அவர் ஏறும் இடம் நெருங்கியதும், முன்சீட்டிலிருந்த சபைப் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"இங்க நிக்க வேண்டாம், சிஸ்டர். நேராப் போங்க."

மழையில் நர்ஸும் அவர் துணையும் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள்.

அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நம்ம தோலப் பாத்து வீடு இல்லன்னு வீட்டுக்காரன் கதவச் சாத்தினானே, அப்ப நியாயம் கேட்டு எத்தன ஆபீஸ் படி ஏறினீங்க? உங்களுக்காக வந்து பேசினது யாரு? இந்தத் தம்பிதான?"

"அது வேற, இது வேற. அவங்க ஏறினா நாங்க இறங்கிடுவோம்."

அக்கா மிதித்த பிரேக்கில் வேனே முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. கதவைத் திறந்தாள். நர்ஸ் தயங்கினார்; பிறகு கூட வந்தவரை முன்னால் விட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தார்.

அக்கா கதவை மூடவில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை மடியில் போட்டுக்கொண்டு, பெரியவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.