இரண்டு கை உப்பு

என் அண்ணி ஒரு மருத்துவமனையில் தலைமைச் சமையல்காரி. அண்டா அண்டாவாக சூப் கொதிக்கும் இடம் அது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். வீட்டில் அண்ணன் ராஜாவாக இருக்கலாம், அங்கே அண்ணி வைத்ததுதான் சட்டம்.

அந்த நாக்கு ஒரு காய்ச்சலோடு செத்துப்போனது. தேனும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. அண்ணி யாரிடமும் மூச்சு விடாமல் கண்ணளவில் சமாளித்தார். ஒருநாள் உப்பே இல்லாத சூப் நோயாளிகளுக்குப் போய்விட்டது. மேலாளர் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அடுப்பை விட்டு விலகுவதை நினைத்து அண்ணி பாதியாக இளைத்துப்போனார்.

மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். பொறுமைக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். பழைய பாலத்தில் தொடங்கி, ஆற்றை ஒட்டியே படகுத்துறைவரை நடந்து, எதிர்ப்படும் கடையிலெல்லாம் ஒரு வாய் சாப்பிட வேண்டுமாம். ஏதாவது ஒன்றாவது நாக்குக்குத் தெரியாதா என்று ஆசை. அண்ணன் கூட வந்தால் அழுதுவிடுவார், அதனால் நான். ஓசிச் சாப்பாடு என்றால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒருவர் மாவை இழுத்து இழுத்து நூலாக்கிக்கொண்டிருந்தார். அடுப்புக்குள் ரொட்டி உப்பி எழுந்தது. படகிலிருந்து இறங்கிய நண்டுகள் நேராகக் கொதிநீருக்குப் போயின. இத்தனை கைகள் இந்த ஊருக்குச் சோறு போடுகின்றனவா என்று வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். அண்ணி ஒவ்வொரு கடையிலும் கண்ணை மூடி மென்றார், இல்லை என்று தலையசைத்தார், மிச்சத்தை என்னிடம் நீட்டினார். எனக்கு எல்லாமே ருசித்தது. அது துரோகம் மாதிரி இருந்தாலும், தின்றேன்.

படகுத்துறையில் கடைசியாக ஒரு வறுத்த மீன் வண்டி. கணவனும் மனைவியும் நடத்துவது. இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காலையிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. எங்களுக்கு முன்னால் மீன் வாங்கியவர் ஒரு கடி கடித்தார், அப்படியே ஆற்றில் துப்பினார்.

கடைக்காரர் அன்றைக்கு முதல் தடவையாக மனைவியைப் பார்த்தார். "நீயும் உப்பு போட்டியா?"

"நீங்க போட்டேன்னு சொன்னீங்களா?" என்றார் அவர்.

அதற்குள் அண்ணியின் வாயில் மீன் இருந்தது. அந்தப் பெண் பதறிப்போய்த் துப்பச் சொன்னார். அண்ணி துப்பவில்லை. அசையாமல் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கரிக்குது தம்பி," என்றார்.

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். தொண்டை எரிந்தது, விழுங்கவே முடியவில்லை. அதை அண்ணி விருந்து மாதிரி மென்றுகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. அண்ணியையா, மீனையா, அந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையையா என்றுதான் தெரியவில்லை.

கடைக்காரர் தட்டோடு ஆற்றில் கொட்டப் போனார். அண்ணி பாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு துண்டை எடுத்து மெதுவாக, வெகு மெதுவாக மென்றார்.

"அடியில மிளகு இருக்கு," என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து. "கொஞ்சம் பழைய மிளகு. சரியாம்மா?"

அந்தப் பெண் திகைத்துப்போய்த் தலையாட்டினார். அண்ணி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார்.