லேபிள் பார்த்துக் குடித்த பீர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒரு பாட்டில் பீர் குடித்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு நான் படித்தவனும் இல்லை. ஒன்பதாவதில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பஸ்ஸில் தனியாகப் போகும்போதுகூடச் சிரிப்பு வந்துவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார். எழுதித் தொலைத்தால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

அப்போது நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மிஷினுக்குப் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கேயே கட்டிங் மிஷினில் நின்றவன் என் சேக்காளி. அவனுக்கு விருதுநகரில் பெண் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். பெண்ணின் அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி. அவர் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "பையன ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம பாருக்கு வரச் சொல்லுங்க. ஒரு பீரு உள்ள போனா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்."

சேக்காளி அதுவரை பீரை மோந்துகூடப் பார்த்ததில்லை. துணைக்கு ஆள் தேடினான். ஊரில் எத்தனையோ நல்லவர்கள் இருக்க, என்னைக் கூப்பிட்டான்.

ஆமத்தூர் தாண்டும்வரை பஸ்ஸில் கெஞ்சிக்கொண்டே வந்தான். "ஏலே, அங்கன வந்து யாரையும் ஓட்டிராத. எனக்கு அந்தப் பிள்ளயப் பிடிச்சிருக்குல."

"போட்டோவுலதான பாத்த?"

"போட்டோவுலயே அம்புட்டுப் பிடிச்சிருக்கு."

பார், பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தகரக் கூரை, மூன்று மேஜை, சுவரில் போன வருஷத்துச் சாமி காலண்டர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரர் பீரை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஈரச் சாக்கில் சுற்றித்தான் மேஜைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைப்பேறு பார்த்த நர்ஸ் கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். தொட்டுக்கொள்ள மிளகு தூவிய அவித்த முட்டை, மாங்காய்க் கீற்று.

அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். 'கம்பெனி வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் எல்லாமே கம்பெனிதான் என்பதால் நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"எப்படித் தம்பி இருக்கு, நம்ம கடை பீரு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே," என்றான் சேக்காளி.

"இன்னும் மூடியே தொறக்கலையேப்பா."

நான் முட்டையை வாயில் திணித்துச் சிரிப்பை அடைத்தேன்.

பீர் உண்மையிலேயே நல்ல பீர். நுரை டம்ளர் விளிம்புவரை எழும்பி, நின்று யோசித்துவிட்டு, மெதுவாக இறங்கியது. முதல் வாய் கசந்தது. இரண்டாவது அவ்வளவு கசக்கவில்லை. மூன்றாவதில் கசப்பு எங்கே போனது என்று நானே தேட ஆரம்பித்தேன். பல் கூசுகிற குளிர்ச்சி. உச்சந்தலைக்குள் யாரோ சின்னதாக மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருந்தது.

இதை அப்படியே சொல்லியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பிரஸ்காரன் கண் நாக்கை நம்பாது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யாரென்று பார்க்க மாட்டோம், அச்சைத்தான் பார்ப்போம். பாட்டிலைத் திருப்பினேன். லேபிளில் எழுத்து ஓரமெல்லாம் சிவப்பு கசிந்து நின்றது. ஒரு கலர் மேல் ஒரு கலர் சரியாக உட்காராமல், மயிரிழை விலகியிருந்தது.

"அண்ணே," என்றேன். "இது டூப்ளிகேட்டு."

மேஜைக்கு அடியில் சேக்காளி என் காலை மிதித்தான். கடைக்காரர் சாக்கோடு ஓடிவந்தார். "எவம்லே அது? எங்கடைல டூப்ளிகேட்டா?"

"பீரு அருமண்ணே. லேபிளப் பாருங்க, கலரு தள்ளி நிக்கு. ஒரிஜினல் கம்பெனிக்காரன் இப்படி மிஷின் ஓட்டுவானா? கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டிருக்கான்."

அண்ணன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடக்கு லென்ஸை எடுத்து விரித்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் பையில் லென்ஸ் வைத்துக்கொண்டு திரிகிற சாதி உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

லேபிள்மேல் லென்ஸை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"ஒரிஜினல்தான்."

"எப்படிண்ணே சொல்றீக?"

"நாந்தான் ஓட்டுனேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். சிவகாசியில் நாலு கலர் மிஷினுக்கு அவர்தான் மிஷின்மேனாம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாராம். நான் மாங்காய்க் கீற்றுகளை எண்ண ஆரம்பித்தேன்.

அண்ணன் லென்ஸைச் சேக்காளி பக்கம் தள்ளினார். "நீ பாத்துச் சொல்லு தம்பி. தள்ளி நிக்கா, இல்லையா?"

'இல்லண்ணே' என்ற ஒரு வார்த்தையில் கல்யாணமே முடிந்துவிடும். மூடியைத் திறக்காத பாட்டிலுக்கே நற்சான்று கொடுத்தவன்; சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் அவனுக்குள் அரை டம்ளர் போயிருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தான். ஒரு விக்கல் விட்டான்.

"தள்ளித்தாண்ணே நிக்கு," என்றான். "பேப்பரு நெளிஞ்சிருக்கும். கட்டிங்கும் சரியில்ல."

அண்ணனின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் மேஜையே ஆடியது. "அன்னைக்குப் பூரா கரண்டு போயிப் போயி வந்துச்சுப்பா! முதலாளிகூட கண்டுபிடிக்கல, எங்கூட இருக்கவனுக கண்டும் சொல்லல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் மூவரும் கடையிலிருந்த பாட்டிலையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எடுத்துவைத்த பீரெல்லாம் வெந்நீராகிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த சாமி காலண்டரையும் விடவில்லை நான். அண்ணனின் கைவண்ணத்தைப் பாராட்டி மேலும் சில வார்த்தைகள் பேசியதாக ஞாபகம்.

திங்கட்கிழமை சேக்காளி வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை டீக்கடையில் பிடித்தேன்.

"மாப்ளே, பொண்ணு வீட்ல என்னல சொன்னாக?"

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாக, ஆனா உன்னைய மட்டும் கூட்டிட்டு வரக்கூடாதாம்ல."