துரை வேஷத்துக்கு ஒரு ரஷ்யர்

தமிழ் நாடகக் குழுவில் மேடை மேனேஜர் வேலை என்பது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற வேலை மாதிரி. ஊரே சாப்பிட்டு ஏப்பம் விட்டபின் நமக்கு மிஞ்சுவது ஆறிப்போன ரசம். இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் என் சகாக்களே, மலேசியாவில், கிள்ளானில் எனக்கு வாய்த்த ரஷ்யரின் கதையைக் கேளுங்கள்.

அதட்டல் தமிழ்

ஆந்திரே தன் ஊரில் இருபது வருஷம் மேடை நடிகர். மூன்று சினிமாவிலும் தலைகாட்டியிருக்கிறார், மூன்றிலும் சிப்பாய். அங்கே டாக்டருக்குப் படிக்க வந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண்ணைக் காதலித்துத் தாலி கட்டி, மாமியார் வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டார். இங்கே அவர் நிறத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வேஷத்தைத்தான் நீட்டினார்கள்: ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. டிவியோ மேடையோ, தொப்பி, சவுக்கு, கடைசியில் தர்ம அடி. ராஜாவாகவும் பைத்தியக்காரனாகவும் நடித்த மனுஷன், பாவம், என்னிடம் வந்து புலம்புவார்.

வசனத்திலிருந்தே தமிழ் கற்றவர் என்பதால் அவருக்குச் சரளமாக வந்தது அதட்டல் மட்டும்தான். முதல் நாள் சாப்பாட்டுக் கடையில், "டேய்! கொண்டு வாடா டீ!" என்று மேசையைத் தட்டினார். கடைக்காரர் அசரவே இல்லை. "பாஸ், ஒரு டீக்கு இவ்ளோ கோவம் வேணாம் லா, உக்காருங்க."

தாளின் மேல் உட்கார்ந்தவர்

பூச்சோங்கில் ஒத்திகை. ஆந்திரே கையிலிருந்த நாடகப் பிரதி நழுவித் தரையில் விழுந்தது. நாமாக இருந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதன் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்! எழுத்தின் மேல் உட்காருவதா என்று இயக்குநர் செல்வமணி அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

கீழே விழுந்த பிரதியின் மேல் உட்கார்ந்து எழுந்தபிறகுதான் எடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் நாடகம் படுத்துவிடுமாம். அவர்கள் ஊர் நாடகக்காரர்களின் வழக்கம். விளக்கி முடித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, எழுந்து அதை எடுத்துப் பயபக்தியோடு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நாயகி புஷ்பா அக்கா சிரித்துவிட்டார். "ரெண்டு ஊரு சாமியையும் கும்பிட்டாச்சு, இனி வசனம் மறந்தா யாரத் திட்டுவீங்க?"

முன்வரிசை நாற்காலி

ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலியை மாமியாருக்காகப் பிடித்துவைக்கச் சொல்வார். நானும் துண்டைப் போட்டுவைப்பேன். கடைசியில் அந்தத் துண்டு மட்டும்தான் நாடகம் பார்த்திருக்கும். "அத்தைக்கு நான் நடிகன்னு ஒரு தடவ தெரியணும்," என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் அதட்டல் இருக்காது.

பொறுக்காமல் நானே பிரிக்பீல்ட்ஸ் போய் அழைத்தேன். அந்த அம்மாவின் அப்பா டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். மருமகன் டிவியில் ஒரு தொழிலாளியைச் சவுக்கால் அடித்த காட்சியில் எழுந்து சமையலறைக்குப் போனவர், அதன்பிறகு அவர் நடித்த எதையும் பார்க்கவில்லை. எனக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள தங்கமானவரு தம்பி. ஆனா அவர் கையில அந்தச் சவுக்கப் பார்த்தா எனக்குச் சோறு எறங்கல."

வெளுத்த முழங்கால்

இந்த வருஷ நாடகத்தில் கதாநாயகன் முனியாண்டி ஒரு பால்மரத் தொழிலாளி. மாலையில் நாடகம்; அன்று மதியம் பார்த்து, முனியாண்டியாக நடிக்க வேண்டியவர் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில். மொத்த வசனமும் மனப்பாடமாக இருந்தது ஆந்திரேவுக்குத்தான்; நாடகம் முழுவதையும் படிப்பது அவர் பழக்கம். "கூட்டம் சிரிக்கும்," என்றார் செல்வமணி அண்ணன். வேறு வழியும் இல்லை. துரையை மேடைக்கு வராத வெறும் குரலாக மாற்றினோம். அந்தக் குரல் என் தலையில் விழுந்தது. நான் பிரிக்பீல்ட்ஸுக்கு போன் போட்டு, "இன்னைக்குச் சவுக்கு இல்லம்மா," என்று மட்டும் சொன்னேன்.

திரை தூக்கும் நேரத்தில் ஆந்திரே கையிலிருந்து பிரதி மறுபடி விழுந்தது. யாரும் கேட்காமலே செல்வமணி அண்ணன் முதலில் போய் அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு புஷ்பா அக்கா, பிறகு நான், கடைசியாக ஆந்திரே. எல்லாரும் கண்ணிலும் ஒற்றிக்கொண்டோம்.

மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே அந்த வெளுத்த முழங்காலைப் பார்த்ததும் மண்டபமே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. பால்வாளியைத் தூக்கினார், இருமினார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தார். சிரிப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் துரையாகக் கத்திக்கொண்டே நானும் அழுதேன். முன்வரிசையில் இந்தத் தடவை துண்டு இல்லை.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். ஆந்திரே இன்னும் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். "எங்கப்பா மாதிரியே இடுப்பப் பிடிக்கிறீங்க மாப்ள. போதும், வாளிய எறக்கி வைங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

இப்போது ஆந்திரே சவுக்கைத் தொட மாட்டேன் என்கிறார், செல்வமணி அண்ணனோ பவுடர் டப்பாவும் கையுமாக என் கறுத்த முகத்தையே உற்றுப் பார்க்கிறார். மேடை மேனேஜர் உத்தியோகம் என்றால் இவ்வளவுதான்.